கூடைப்பந்தில் கார்டு: என்ன வேலை, எத்தனை காலம்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகன் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஆறு மாதமாகப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து டீமில் இருக்கிறான். நான் பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கேட்டான்: "மாமா, பி.டி. சார் என்னைய கார்டுல போட்டிருக்காரு. கார்டுன்னா வாட்ச்மேன் மாதிரியா? பின்னால நின்னு காவல் காக்கணுமா?"

நான் வாயைத் திறக்குமுன் அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது: "அது கெடக்கட்டும் தம்பி. இத வச்சு ஒருத்தன் எத்தன வருசம் சோறு திங்க முடியும்? மொதல்ல அதச் சொல்லு."

இரண்டுமே சரியான கேள்வி. நானும் ஒரு காலத்தில் கார்டாக ஆடியவன்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் கணுக்கால் பிசகி ஆட்டம் முடிந்துபோனது. பார்ப்பதை மட்டும் விடவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நடுவே அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கூடைப்பந்து பக்கமே போகாதவர்களும் படிக்கலாம்.

பெயர் வந்த வழி

மருமகன் வாட்ச்மேன் என்று நினைத்ததில் தப்பில்லை. 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களை உள்ளேயே ஓடவிட ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். மாடிக் கைப்பிடியில் பீச் பழக்கூடையை ஆணியடித்து மாட்டினார்கள், அதனால்தான் கூடைப்பந்து. தொடக்க காலத்தில் முன்னால் நின்று போடுகிறவன் ஃபார்வர்டு, நடுவில் நிற்பவன் சென்டர், பின்னால் நின்று சொந்தக் கூடையைக் காப்பவன் கார்டு. அப்போது அவன் உண்மையிலேயே காவல்காரன்தான்.

அப்புறம் ஆட்டம் மாறியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். இரண்டு கார்டு, இரண்டு ஃபார்வர்டு, ஒரு சென்டர் என்பது வழக்கமான பிரிவு. கார்டுகளில் ஒருவன் பாயிண்ட் கார்டு: பந்தைத் தன் கூடைப் பக்கத்திலிருந்து எதிரணிக் கூடைப் பக்கம் கொண்டுபோய், யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் பந்து போக வேண்டும் என்று முடிவெடுக்கிறவன். இன்னொருவன் ஷூட்டிங் கார்டு: தூரத்திலிருந்து போடுகிறவன். பல டீம்களில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு இப்போது அழிந்துபோய்விட்டது. மருமகனை அவனுடைய சார் போட்டிருப்பது பாயிண்ட் கார்டாக. அதனால் அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி. தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். பரிமாறுகிறவர்கள் ஆளுக்கொரு வாளியோடு ஓடுவார்கள். ஒருவர் மட்டும் வாளி தூக்கமாட்டார். தோளில் துண்டோடு இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். "ஏ, அங்கன கடைசி இலைக்குச் சொதி ஊத்து." "அந்தப் பெரியவருக்குத் துவையல் வைக்கலியே!" சாப்பிடுகிறவர் தலையை நிமிர்த்துவதற்கு முன்பே எந்த இலை காலியாகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பந்தி விசாரிப்பது என்று சொல்கிறோமே, அது. என் பெரியப்பா அதில் கெட்டிக்காரர். அவர் நிற்கிற பந்தியில் யாரும் கையைக் காயவிட்டு உட்கார்ந்திருந்ததில்லை.

பாயிண்ட் கார்டு கோர்ட்டில் பந்தி விசாரிக்கிறவன். என்ன, பெரியப்பாவின் கையிலிருந்து வாளியைப் பிடுங்க யாரும் வரமாட்டார்கள். இவனிடமிருந்து பந்தைப் பிடுங்க ஐந்து பேர் வருவார்கள். அதோடு 24 வினாடிக்குள் பந்தி முடிந்தாக வேண்டும்.

அந்த 24 வினாடி

கார்டு என்பவன் முக்கியமானவனாக ஆனதற்கு ஒரு கடிகாரம் காரணம். 1950-இல் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸும் மினியாபொலிஸ் லேக்கர்ஸும் மோதிய ஒரு ஆட்டம் 19-18 என்று முடிந்தது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் புள்ளி. லேக்கர்ஸிடம் பந்து போனால் வம்பு என்று பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவன் எத்தனை நாள் பொறுப்பான்?

சிரகியூஸ் டீமின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார். நன்றாக நடந்த ஆட்டங்களில் இரண்டு டீமும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை கூடையைப் பார்த்து எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. 120-ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. நம் பள்ளிக்கூடப் போட்டிகள் பின்பற்றும் சர்வதேச விதியிலும் இப்போது 24 வினாடிதான். அதில் முதல் 8 வினாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகவும் வேண்டும். மணி அடிப்பதற்குள் முடிவெடுக்க ஒருவன் வேண்டும் என்றானபோது, கார்டின் மதிப்பு ஏறியது.

ஊரில் இருந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் சீனியர் பையன்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். சிமெண்ட் தரை, வெயில் தாழ்ந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. அங்கே பார்த்த ஒரே ஒரு 24 வினாடியைச் சொல்கிறேன்.

எதிரணி கூடை போட்டது. மெலிந்த ஒரு பையன் பந்தை வாங்கி நடையும் ஓட்டமுமாகக் கொண்டுவந்தான். நடுக்கோட்டைத் தாண்டும்போது ஐந்து வினாடி போயிருக்கும். இடது கையை முஷ்டியாக உயர்த்தினான். அவர்களுக்குள் அது ஒரு ஆட்டத்தின் பெயர். உடனே அவர்களுடைய நெட்டையான சென்டர் கூடையை விட்டு முன்னால் வந்து, இவனைத் தடுக்க நிற்கும் எதிரணிக் காவல்காரனுக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றான். இதை ஸ்கிரீன் என்பார்கள். கார்டு அந்தத் தூணின் தோளை உரசிக்கொண்டு போனான். துரத்தி வந்தவன் தூணில் முட்டிக்கொண்டு பின்தங்கினான். இப்போது சென்டரைத் தடுக்க வேண்டிய எதிரணி ஆளுக்குச் சிக்கல்: முன்னால் வந்து கார்டைத் தடுத்தால், சென்டர் திரும்பிக் கூடைக்கு ஓடிவிடுவான், சென்டரோடு போனால் கார்டுக்கு வழி திறந்துவிடும். அவன் முன்னால் வந்தான். சென்டர் திரும்பிக் கூடைக்கு ஓடினான். அவனைத் தடுக்க மூலையில் நின்ற எதிரணியின் மூன்றாவது ஆள் ஒரு எட்டு உள்ளே வைத்தான்.

கார்டு காத்திருந்தது அந்த ஒரு எட்டுக்காக. அவன் சென்டரைப் பார்க்கவே இல்லை, தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மூலையில் நின்ற காவல்காரனின் கால் நகர்ந்ததும் பந்து மூலைக்குப் போய்விட்டது. அங்கே நின்ற அவன் டீம் பையனைச் சுற்றி ஒருவரும் இல்லை. எறிந்தான். பந்து ரிங்கில் பட்டு வெளியே குதித்தது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எறிந்தவனைத்தான் திட்டினார்கள். கணக்கு நோட்டில் அந்தக் கார்டின் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறவில்லை. வாங்கியவன் கூடை போட்டால்தான் கொடுத்தவனுக்கு அசிஸ்ட் என்ற கணக்கு. போடாவிட்டால் அவன் செய்த அத்தனையும் காற்றோடு போச்சு. கார்டின் பிழைப்பில் எனக்கு எப்போதும் நெருடுகிற இடம் இது.

இந்த ஸ்கிரீன் ஆட்டத்தை வைத்தே பத்தொன்பது சீசன் ஓட்டியவர் ஜான் ஸ்டாக்டன். யூட்டா ஜாஸ் என்ற ஒரே டீம், 1984 முதல் 2003 வரை. உயரம் 1.85 மீட்டர். அவர் கொடுக்க, கார்ல் மலோன் போட, இருவரும் ஆயிரக்கணக்கான முறை இதையே செய்தார்கள். எதிராளிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை. ஸ்டாக்டனின் அசிஸ்ட் எண்ணிக்கை 15,806. இன்றுவரை யாரும் கிட்டே வரவில்லை. எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறு: பத்தொன்பது சீசனில் ஆடியிருக்க வேண்டிய 1,526 ஆட்டங்களில் அவர் தவறவிட்டது 22.

குட்டையாக இருப்பது

"நான் குட்டையா இருக்கேன்னுதான் கார்டுல போட்டுட்டாரு" என்று மருமகனுக்கு ஒரு குறை. பாதி உண்மை. கூடை 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பிழைக்க நெட்டையானவர்கள் வேண்டும். தூரத்தில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவன் குட்டையாக இருந்தால் ஒரு வசதியும் உண்டு: தரையிலிருந்து கைக்குப் பந்து வந்து சேரும் தூரம் குறைவு, பிடுங்குவது கஷ்டம். மக்சி போக்ஸ் என்ற கார்டின் உயரம் 1.60 மீட்டர். நம் ஊர்த் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் என்.பி.ஏ.யில் பதினாலு சீசன் ஆடினார். 1987-88 சீசனில் வாஷிங்டன் டீமில் அவரோடு சேர்ந்து ஆடியவர் மனூட் போல், உயரம் 2.31 மீட்டர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் இணையத்தில் கிடைக்கும். மருமகன் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தான். ஆனால் மேஜிக் ஜான்சன் 2.06 மீட்டர் உயரத்தில் பாயிண்ட் கார்டாகவே ஆடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயரம் இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

உயரத்தைவிடக் கண் முக்கியம். என்னைப் பழக்கிய சார் ஒரு வேலை செய்வார். நாங்கள் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது எதிரே நின்று விரலைக் காட்டுவார். எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பந்தைக் குனிந்து பார்த்தால் தெரியாது. "ஏல, பந்து எங்கயும் ஓடிறாது, அது கையிலதாம்ல இருக்கு. ஆளப் பாருல!" அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. முதல் மாதம் முழுக்கப் பந்து என் காலிலேயே பட்டு ஓடியது.

தூரத்திலிருந்து போடுவது

சர்வதேசக் கோர்ட்டில் கூடையிலிருந்து 6.75 மீட்டர் தள்ளி ஒரு வளைவுக் கோடு இருக்கும். அதற்கு வெளியே நின்று போட்டால் 2 புள்ளிக்குப் பதில் 3. என்.பி.ஏ.யில் அந்தத் தூரம் 7.24 மீட்டர், மூலைகளில் மட்டும் கொஞ்சம் குறைவு. கோடு அங்கே வந்தது 1979-இல். முதல் சீசனில் ஒரு டீம் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3 தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. வித்தை காட்டுவதாக நினைத்தார்கள். இப்போது 35 தடவைக்கு மேல் எறிகிறார்கள்.

கணக்கு சின்னதுதான். பத்து தடவை கிட்டேயிருந்து எறிந்து பாதி விழுந்தால் 10 புள்ளி. பத்து தடவை தூரத்திலிருந்து எறிந்து நாலு விழுந்தால் 12. இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு முப்பது வருடம் ஆனது, மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

அதை உலகத்துக்குக் காட்டியவர் ஸ்டீஃபன் கரி. அவரும் கார்டு, 1.88 மீட்டர். 2015-16 சீசனில் 402 மூன்று புள்ளிக் கூடைகள். அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. 2021 டிசம்பரில் ரே ஆலனின் 2,973 என்ற மொத்தக் கணக்கைத் தாண்டினார், 2025 மார்ச்சில் 4,000-ஐத் தொட்டார். அவருக்குப் பிறகு கார்டு என்றால் கொடுக்கவும் தெரிய வேண்டும், அந்த வளைவுக் கோட்டுக்கு வெளியே நின்று போடவும் தெரிய வேண்டும் என்றாகிவிட்டது. கொடுக்க மட்டும் தெரிந்த கார்டுக்கு இன்று வேலை கிடைப்பது கஷ்டம். ஸ்டாக்டன் போடவும் தெரிந்தவர்தான் என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை நாற்காலி?

சரி, அக்கா கேள்விக்கு வருவோம். என்.பி.ஏ.யில் 30 டீம். ஒரு டீமில் முழு ஒப்பந்தத்தோடு 15 பேர்வரை இருக்கலாம். ஆக 450 இடம், உலகம் முழுவதற்கும். அதில் பாதிக்கும் குறைவாகத்தான் கார்டுகள் இருப்பார்கள். அமெரிக்காவில் முதல் தரப் பிரிவில் ஆடுகிற கல்லூரிகள் மட்டுமே 350-க்கு மேல். ஒவ்வொன்றிலும் நாலைந்து கார்டு என்று வைத்துக்கொண்டால் வரிசை எவ்வளவு நீளம் என்று புரியும்.

புது ஆட்களை எடுப்பதற்கு ஆண்டுக்கு ஒருமுறை டிராஃப்ட் நடக்கும். இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 பெயர். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நாலாவது ஆண்டு டீமின் விருப்பம். இரண்டாம் சுற்றில் வந்தவனுக்கு அந்த உறுதியும் கிடையாது. பெயரே வராதவன் சும்மா வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கீழே ஜி லீக் என்று இன்னொரு லீக் இருக்கிறது. சம்பளம் ஒரு சீசனுக்கு 40,000 டாலரை ஒட்டி. டூ-வே என்று ஓர் ஒப்பந்தமும் உண்டு: மேலேயும் கீழேயுமாக ஆடலாம், மேல் லீக்கின் புதுமுகச் சம்பளத்தில் பாதி. 2024-25 சீசனில் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 11.6 லட்சம் டாலர். அதே சீசனில் கரிக்கு 5.58 கோடி டாலர். ஒரே கோர்ட், ஒரே பந்து. பத்து நாள் ஒப்பந்தம் என்றும் ஒன்று இருக்கிறது. நம் ஊர் நாத்து நடவுக்கு ஆள் கூப்பிடுவது மாதிரி, பத்து நாளைக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுப் போகலாம்.

இந்த இழுபறியை ஒரே ஆளின் கதையில் பார்க்க வேண்டுமென்றால் ஜெரமி லின். ஹார்வர்டில் படித்த கார்டு. 2010 டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. கோல்டன் ஸ்டேட் டீம் சேர்த்துக்கொண்டு 2011 டிசம்பரில் நீக்கியது. ஹூஸ்டன் எடுத்தது, அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நீக்கியது. நியூயார்க் எடுத்தது. வாடகைக்கு வீடு பார்க்கவில்லை. எந்த நாளும் போகச் சொல்லிவிடலாம் என்பதால் அண்ணன் வீட்டு சோஃபாவில் தூங்கினார். 2012 பிப்ரவரி 4-ஆம் தேதி, டீமில் ஆட்கள் அடிபட்டுக் கிடந்ததால் களத்தில் இறக்கிவிட்டார்கள். 25 புள்ளி. ஆறு நாள் கழித்து லேக்கர்ஸுக்கு எதிராக 38. அந்தக் கோடையில் ஹூஸ்டனே திரும்ப வந்து மூன்று ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது. ஏழே மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்று அனுப்பிய அதே டீம். அவருக்கு அந்த வாரங்களில் புதிதாகக் கை முளைத்துவிடவில்லை. பந்தி விசாரிக்க ஒரு பந்தி கிடைத்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இடம் இல்லாதவர்கள் ஸ்பெயின், துருக்கி, சீனா, ஆஸ்திரேலியா என்று போகிறார்கள். அதை இறக்கம் என்று நினைக்கத் தேவையில்லை. ஸ்டெஃபான் மார்பரி நியூயார்க்கில் சண்டையும் சச்சரவுமாக முடித்து 2010-இல் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங் டீமுக்கு 2012, 2014, 2015 என்று மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

கால் போகும் நாள்

கார்டு பிழைப்பது காலை வைத்து. ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கணக்கான முறை சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி பாய வேண்டும். கணுக்காலும் முழங்காலும் அதற்குப் பதில் சொல்லும். 2011-இல் டெரிக் ரோஸ் 22 வயதில் என்.பி.ஏ.யின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. 2012 ஏப்ரல் 28. பிளேஆஃப் என்கிற, கோப்பைக்கான கடைசிக் கட்டத்தின் முதல் ஆட்டம். அவருடைய சிகாகோ 12 புள்ளி முன்னால் இருந்தது, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக மீதி. இரண்டு காலையும் ஊன்றி நிற்கப் பார்த்தார். இடது முழங்காலில் உள்ளே இருக்கும் முக்கியமான தசைநார் அறுந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. பிறகு மற்ற முழங்கால். 2018-இல் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி போட்டுவிட்டுக் கோர்ட்டிலேயே அழுதார். 2024-இல் ஓய்வு. ஆனால் அந்தப் பழைய வேகம் ஏப்ரல் 28-க்குப் பிறகு முழுசாகத் திரும்பவே இல்லை.

கரிக்கும் அந்த விதி வந்திருக்கும். 2011-12 சீசனில் கணுக்கால் காரணமாக 26 ஆட்டம்தான் ஆடினார், இரண்டு முறை அறுவைச் சிகிச்சை. அந்தக் கால் தாங்குமா என்று டீமுக்குச் சந்தேகம். 2012-இல் நாலு ஆண்டுக்கு 4.4 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் தரத்துக்குச் சல்லிசு. அதன் பிறகு இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தி, கணுக்காலின் மேல் விழும் பாரத்தைக் குறைத்தார்கள். என் கணுக்கால் பிசகியபோது நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டு மூன்றாம் நாள் ஆடப் போனேன். ஓய்வெடு என்று சொல்ல ஆள் இருந்தது. கேட்க எனக்குத்தான் பொறுமை இல்லை. கல்லூரிப் போட்டி அந்த வாரம். இன்றைக்கும் மழைக்காலத்தில் படி இறங்கும்போது அந்தப் பக்கம் ஒரு குத்து.

வேகத்தை மட்டும் நம்பியவன் முப்பதைத் தாண்டும்போது திண்டாடுவான். அதற்கு மேல் நிற்பவர்கள் ஆட்டத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். ஜேசன் கிட் இளம் வயதில் பாய்ந்து ஓடுவதிலும் கொடுப்பதிலும் சூரர், ஆனால் தூரத்திலிருந்து போட வராது. வயது ஏற ஏற அதைப் பழகினார். 2013-இல் விடைபெறும்போது அவர் பெயரில் 1,988 மூன்று புள்ளிக் கூடைகள் இருந்தன. 38 வயதில் டல்லஸோடு கோப்பை வாங்கியபோது அவர் அதிகம் ஓடவே இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து அங்கே போய் நின்றார்.

ஸ்டீவ் நாஷ் இன்னும் விசேஷம். சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்ததே 31 வயதிலும் 32 வயதிலும். முதுகெலும்பில் ஒரு எலும்பு நகர்ந்த கோளாறு அவருக்கு. பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு இறுகிவிடும் என்று, வெளியே இருக்கும் நேரத்தில் கோர்ட்டின் ஓரத்தில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். கோடீஸ்வரர்கள் டிக்கெட் வாங்கி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கட்டாந்தரையில் படுத்திருப்பார். ஒரு பத்தமடைப் பாய் அனுப்பிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். 2015-இல் விடைபெற்றார்.

ஆட்டம் முடிந்த பிறகும் கார்டுகளுக்கு ஒரு வழி உண்டு: பயிற்சியாளர் வேலை. இருபது வருடம் மற்ற நாலு பேரை நிறுத்தி வேலை வாங்கியவன்தானே. கிட் ஓய்வை அறிவித்துப் பத்து நாளுக்குள் புரூக்ளின் டீமின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பிறகு டல்லஸுக்குப் பயிற்சியாளராகப் போய், 2024-இல் அந்த டீமை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார்.

நம் பக்கத்தில்

அக்காவுக்குக் கோடி டாலர் கதை வேண்டியதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது இங்கே என்ன கிடைக்கும் என்பது. அதனால் இதை மட்டும் அலங்காரமில்லாமல் சொன்னேன்.

இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்டவர் சத்னம் சிங், 2015-இல், 52-ஆவது பெயராக. பஞ்சாப்காரர், ஏழடிக்கு மேல் உயரம், சென்டர். அவரும் அந்த லீக்கின் ஒரு சீசன் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. கார்டுகளில் வாரணாசிக்காரரான விசேஷ் பிருகுவன்ஷி இந்திய டீமின் கேப்டனாக இருந்தவர். 2017-இல் ஆஸ்திரேலிய லீக்கின் அடிலெய்டு டீமில் ஒப்பந்தம் பெற்றார். அந்த லீக்கில் அப்படிப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். ஆனால் அவருடைய நிலையான பிழைப்பு ஓ.என்.ஜி.சி. வேலை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் டீமின் கேப்டனாக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ. அவருக்குத் தெற்கு ரயில்வே.

நம் ஆட்டக்காரர்களின் தொழில் என்பது பெரும்பாலும் இப்படித்தான். பள்ளி டீம், மாவட்ட டீம், முடிந்தால் அரசு விளையாட்டு விடுதி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பல்கலைக்கழக டீம், மாநில டீம். அங்கிருந்து ரயில்வே, வங்கி, வருமான வரி, காவல்துறை, ராணுவம். சாதித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போனால் இந்த டீம்களை வரிசையாகப் பார்க்கலாம். விளக்கு வெளிச்சத்தில் முப்பது வயதுக் கார்டு ஒருவர் பந்தை நிதானமாகக் கொண்டுவருவார். திங்கட்கிழமை அவர் அலுவலகத்தில் இருப்பார். ஆடுகிறவரை ஆடலாம், ஆட்டம் நின்றால் வேலை நிற்காது. என்.பி.ஏ.யில் பத்து நாள் ஒப்பந்தத்தில் இருக்கிற பையனுக்கு இந்த நிம்மதி கிடையாது. அதே சமயம், இந்த வேலைகளும் மாநில அளவுக்கு வந்தவர்களுக்குத்தான். மாவட்டத்தோடு நின்றவர்கள் என்னைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டு கட்டுரை எழுதலாம்.

"அப்ப படிப்ப விடக்கூடாதுங்க" என்றாள் அக்கா. ஆமாம் என்றேன். நான் சொன்னதில் அவள் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மருமகனுக்கு வேறு வேலை கொடுத்தேன். அவன் வலது கையால் நன்றாகத் தட்டுகிறான், இடது கைக்குப் போனால் பந்து ஓடிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் போகத் தெரிந்த கார்டை எதிராளி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவான். அதனால் பல் தேய்ப்பது, கதவைத் திறப்பது, வாளி தூக்குவது எல்லாம் இனி இடது கையால் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் காலையில் முற்றத்துக் குழாயடியில் நின்று இடது கையால் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தான். பேஸ்ட் முழுக்கக் கன்னத்தில். நான் எதிரே நின்று விரலைக் காட்டினேன்.

"நாலு" என்றான், வாயில் நுரையோடு. மூன்றுதான் காட்டியிருந்தேன்.